வேலிக்காலுக்கு ஒரு கல் துணை

போன வருஷம் கார்த்திகை மழையில் எங்கள் தோட்டத்து கேட் தரையில் உரச ஆரம்பித்தது. முதலில் கீல் தளர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன். இரண்டு நாளில் மறுபடியும் உரசியது. மூன்றாம் நாள் ஆத்தா (என் அம்மா) கேட்டைத் தூக்கித் திறக்கப் போய் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கேட்டை விட்டுவிட்டு அது தொங்கும் மரக்காலைப் பார்த்தேன். கேட் இருக்கும் பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்திருந்தது. கையால் தள்ளினால் ஊஞ்சல் மாதிரி போய் வந்தது.

எங்கள் வீடு பள்ளத்தூர் பக்கம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றைப் போல முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டை ஒட்டி ஒரு பங்காளி வீடு விழுந்து காலியான இடம் ஆறு சென்ட் இருக்கிறது. அதில்தான் ஆத்தா கத்தரி, வெண்டை, முருங்கை, கறிவேப்பிலை, ஒரு பந்தல் அவரை எல்லாம் வைத்திருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பழைய வேலி மொத்தமாகப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பச்சி (என் அப்பா), இடிந்த பங்காளி வீட்டுக் கூரையிலிருந்து எடுத்த மரங்களை நாலுக்கு நாலாக அறுத்து, பதினான்கு கால் நட்டு, குறுக்கே சட்டம் அடித்து, கம்பிவலை கட்டினார். அவர் கடைசியாகச் செய்த பெரிய வேலை அது. இரண்டு வருஷம் கழித்துப் போய்விட்டார். அதனால் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு சிமெண்ட் கால் போடுங்கள் என்று யார் சொன்னாலும் ஆத்தா காதில் விழாது. எனக்கும் மனசு வரவில்லை.

இதற்கு முன்பே ஒரு கால் ஆடியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன், வடக்கு ஓரத்தில் மூன்றாவது கால். அப்போது நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். காலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, சிமெண்டும் மணலும் குழைத்து ஊற்றி, மேலே கரண்டியால் மழமழவென்று தடவிவிட்டேன். மறுநாள் கல் மாதிரி நின்றது. ஆறு மாசம் அசையவில்லை. அடுத்த ஐப்பசியில் சிமெண்டின் விளிம்போடு சரியாக வெட்டி வைத்த மாதிரி முறிந்து விழுந்தது.

ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். சிமெண்ட் அதனோடு சேர்ந்து சுருங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விழும். மழை வந்தால் தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கும், இறங்கிய தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. நான் ஊற்றியது காலுக்குப் பிடிமானம் என்று நினைத்தேன். அது காலைச் சுற்றி வைத்த கிண்ணமாகிவிட்டது. மரத்தை வருஷத்தில் மூன்று மாசம் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தால் எந்த மரமும் தாங்காது.

சரி, கேட்டுக்கால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடுகிற காலில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு ஆள் காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும், இன்னொரு ஆள் குனிந்து காலும் மண்ணும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். காலோடு சேர்ந்து சுற்றியுள்ள மண்ணும் பிளந்து அசைந்தால், மரம் நன்றாக இருக்கிறது, மண்தான் பிடி விட்டிருக்கிறது. மண் அப்படியே இருக்க, கால் மட்டும் மண்மட்டத்தில் மடிந்தால் மரம் உள்ளே போய்விட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. மரம் போன காலுக்கு மண்ணைக் கெட்டிப்படுத்துவது வீண், மண் விட்ட காலை அறுப்பது அதைவிட வீண்.

ஆத்தா தள்ள, நான் குனிந்து பார்த்தேன். மண் அசையவில்லை. ஒரு முழம் அகலத்துக்கு மேல்மண்ணை வழித்தெடுத்தேன். மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் மரத்தின் நிறமே மாறியிருந்தது. பழைய காய்கறிக் கத்தியை வைத்து அழுத்தினேன். வெறும் உள்ளங்கை அழுத்தத்துக்கே கத்தி பிடிவரை இறங்கியது. இழுத்தால் ஈரமான புட்டு மாதிரி உதிர்ந்து வந்தது. ஒரு பக்கத்தில் கரையான் மண்தடம் பென்சில் பருமனில் மேலே ஏறி, கீழ்ச்சட்டம் வரை போயிருந்தது. நாலு அங்குலக் காலில் நடுவே கட்டைவிரல் பருமனுக்கு மட்டும் சிவப்பாக, கெட்டியாக வைரம் மிச்சம் இருந்தது. அவ்வளவு பெரிய கேட்டை அந்தக் கட்டைவிரல்தான் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆனால் மண்ணுக்கு ஒரு சாண் மேலே அதே கத்தி கால் அங்குலம் கூட இறங்கவில்லை. தட்டினால் டங்கென்று சத்தம். ஒன்றரை அடி கீழே, காலின் அடிமுனையும் ஓரளவு கெட்டியாகத்தான் இருந்தது. போனது நடுவில் ஒரு சாண் அளவு மட்டும். மரம் உளுத்துப்போக ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே காற்று இருக்கிறது, ஈரம் நிற்பதில்லை. ஆழத்தில் ஈரம் இருக்கிறது, காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் மண்மட்டம். எந்த வேலிக்காலையும் சோதிப்பதாக இருந்தால் தலையைத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை, மண்மட்டத்தில் கத்தியை இறக்குங்கள்.

புதுக் காலுக்கு மரம் தேடி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். இடிக்கிற வீடுகளின் கதவு, நிலை, தூண், ஓவியம், பீங்கான் எல்லாம் விற்கிற பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. ஒரு கடையின் பின்புறத்தில் வளவுத் தூண்களை, அதாவது வீட்டு நடுமுற்றத்துத் தூண்களை, படுக்கப் போட்டிருந்தார்கள். கன்னங்கரேலென்று பர்மா தேக்கு. விலையைக் கேட்டதும் வேலிக்காலுக்கு இது இல்லை என்று தெரிந்துவிட்டது. திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது: தூண்கள் ஒரு பக்கம் கிடந்தன, இன்னொரு பக்கம் கருங்கல் பீடங்கள் தனியாக அடுக்கியிருந்தன. ஒரு தூணின் அடிமுனையைக் குனிந்து தடவிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற தூண் என்று கடைக்காரர் சொன்னார். அடிமுனை உலர்ந்து, கூர்மை கெடாமல் இருந்தது.

நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு வளவில் அந்தத் தூண்களில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தூணும் ஒரு கல்லின் மேல் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மழை வளவில் நேராகக் கொட்டுகிற வீடு அது. தண்ணீர் கல்லை நனைக்கும், மரத்தைத் தொடாது. பர்மாவிலிருந்து கப்பலில் அவ்வளவு தேக்கைக் கொண்டுவந்தவர்கள் அதில் ஒரு தூணைக்கூட மண்ணில் நடவில்லை. நாம் மிஞ்சிய மரத்தை எடுத்து நேரே மண்ணுக்குள் குத்திவிட்டு, தேக்கு தாங்கும் என்கிறோம்.

வீட்டுக்கு வந்து எங்கள் ஆசாரியைக் கூப்பிட்டேன். அறுபத்தைந்து வயதிருக்கும். அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். உளியின் பின்பக்கத்தால் காலைக் கீழிருந்து மேல்வரை தட்டிக்கொண்டே போனார். நெஞ்சு உயரத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“தலை நல்லாத்தேன் இருக்கு ஆச்சி. காலுதேன் போச்சு. காலுக்காகத் தலைய எறியாதீங்க.”

“கல்லைப் பக்கத்தில் நட்டு அதோடு சேர்த்துக் கட்டலாமா ஆசாரி?” என்று கேட்டேன்.

“கட்டுனா அவுந்துரும். போல்ட் போட்டு முடுக்குவோம். கல்லு ரெண்டடி உள்ள, ரெண்டடி வெளிய. மரம் மண்ணத் தொடக் கூடாது. அம்புட்டுதான்.”

மரம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்றும் அவரே காட்டினார். அப்பச்சி அறுத்த கால்களில் சிலவற்றில் ஒரு ஓரம் வெளுப்பாக இருந்தது. அது வெளிறு, மரத்தின் வெளிச்சுற்று. நடுவில் கருஞ்சிவப்பாக இருப்பது வைரம். தேக்காகவே இருந்தாலும் வெளிறு மண்ணில் தாங்காது, கரையான் முதலில் அதைத்தான் தின்னும். மரக்கடையில் “தேக்கு” என்று கேட்டு வாங்குவதோடு நிறுத்தாமல், அறுத்த முனையைத் திருப்பி வெளிறு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்னும் மர வகையின் பெயரை மட்டும் நம்பிக்கொண்டிருப்பேன்.

வேலையை மாசியில் வைத்துக்கொண்டோம். மழை முழுதாக ஓய்ந்து மண் உலர்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. ஒரு சங்கடம், எங்கள் ஊர் மண் உலர்ந்தால் கடப்பாரையே எகிறும். மேலே ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே சரளையும் செம்புறாங்கல்லும். அப்பச்சி கால்களை ஒன்றரை அடியோடு நிறுத்தியதற்கு அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஏழு அடிக் காலுக்கு ஒன்றரை அடி போதாது. மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும், கேட் தொங்குகிற காலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது. குழி எடுக்க ஒரு வழி இருக்கிறது: முதல் நாள் அந்தியில் அரை அடி தோண்டி, இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி விட்டுவிடுங்கள். காலையில் சரளை கடப்பாரைக்கு இணங்கி வரும். நாங்கள் அப்படித்தான் இரண்டேகால் அடி இறக்கினோம்.

கல் கிடைப்பது இங்கே கஷ்டமில்லை. வயலுக்கும் தோப்புக்கும் வேலிபோட கருங்கல் கால் நடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கல் பட்டறையில் உடைந்த கால் துண்டு கேட்டேன். நாலடி நீளம், ஐந்தங்குலப் பருமன், ஒரு பக்கம் ஓரளவு சமமாக இருக்கிற துண்டாகப் பொறுக்கினேன். முழுக்காலைவிட இது மலிவு. துளையை அங்கேயே போட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் கருங்கல்லைத் துளைப்பது பிட்டுக்கும் கேடு, கைக்கும் கேடு. மேலிருந்து ஆறங்குலம் விட்டு ஒரு துளை, அதற்குக் கீழே ஒரு அடி விட்டு இன்னொரு துளை. போல்ட் 12 மில்லிமீட்டர் என்பதால் துளை 14 மில்லிமீட்டர். முனைக்கு ரொம்பப் பக்கத்தில் துளை போட்டால் முடுக்கும்போது கல் செதிள்விட்டுப் போகும்.

வேலையன்று ஆசாரி முதலில் கேட்டைக் கழற்றி சுவரில் சாத்தினார். பிறகு வேலியின் குறுக்குச்சட்டங்களுக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தார். கால் இல்லாமலே வேலி அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்து இழுபட்டு, ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்று வேலை வரும். அப்புறம் மண்மட்டத்திலிருந்து மூன்று அங்குலம் மேலே, கத்தி இறங்காத நல்ல மரத்தில் அடையாளம் போட்டு அறுத்தார். நேராக அறுக்கவில்லை. வெளிப்பக்கம் கொஞ்சம் இறங்குகிற மாதிரி சாய்வாக அறுத்தார், வழிகிற தண்ணீர் ஒரு ஓரத்துக்கு வந்து சொட்டி விழ வேண்டும் என்பதற்காக. மண்ணுக்குள் இருந்த அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து வெயிலில் போட்டோம், கரையான் இருந்ததால் அன்று மாலையே எரித்துவிட்டோம்.

அறுத்த முனைதான் மரத்தின் வாய். பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட முனை வழியாக மரம் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும். அதை மூடாமல் விடக்கூடாது. ஆசாரி கொண்டுவந்தது முந்திரிக்கொட்டை எண்ணெய். முந்திரியின் தோட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெய், படகுக்குப் பூசுகிற பழக்கம் உண்டு. ஒரு தடவை பூசி, அது உள்ளே இழுத்த பிறகு இன்னொரு தடவை, மாலையில் மூன்றாவது தடவை. கையுறை இல்லாமல் தொடவே கூடாது, தோல் வெந்துபோகும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், வண்டியில் வடிக்கிற பழைய ஆயிலை மண்ணோடு ஊற்றினால் கரையான் அண்டாது என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. கால் நிற்கிற இடத்திலிருந்து பத்தடியில் கத்தரிப்பாத்தி, இருபதடியில் கிணறு. வேலிக்காகக் கிணற்றைக் கெடுக்க முடியாது.

அடுத்த வேலையில்தான் நான் தனியாகச் செய்திருந்தால் தப்பு செய்திருப்பேன். கல்லை முதலில் நட்டு, கான்கிரீட் போட்டு, இறுகின பிறகு மரத்தைக் கொண்டுவந்து போல்ட் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆசாரி வேண்டாம் என்றார். கல் ஒரு நூல் திரும்பினாலும் துளைகள் சேராது, இறுகிய கல்லைத் திருப்பவும் முடியாது. அதனால் கல்லைக் குழிக்குள் இறக்கி, மரத்தோடு ஒட்டி நிறுத்தி, கல்லின் துளை வழியாகவே மரத்தில் டிரில்லை விட்டார். பத்தங்குல ஜிஐ (துத்தநாகப் பூச்சு) போல்ட் இரண்டு. இரண்டு பக்கமும் அகலமான சதுர வாஷர். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே, போல்ட் போகிற இடத்தில் மட்டும் பழைய சைக்கிள் டியூபை உள்ளங்கை அளவு வெட்டி வைத்தார். முடுக்கும்போது கல் விரிசல் விடாது. அதோடு இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன சந்து விழுகிறது, அதில் காற்று ஓடும், நனைந்த மரம் காயும். டியூபை நீளத்துக்கும் ஒட்டியிருந்தால் அதுவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போல்ட்டை அரைகுறையாக முடுக்கிய பிறகு தூக்குக்குண்டு. இரண்டு முகத்திலும் பார்க்க வேண்டும், ஒரு முகத்தில் நேராக நின்று மறுமுகத்தில் சாய்ந்திருப்பது சகஜம். வேலி வரிசையில் இருக்கிற கால் என்றால் நேர் நேரே. கேட்டுக்கால் என்பதால் ஆசாரி வேண்டுமென்றே கேட்டுக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு நூல் (கால் அங்குலம்) சாய்த்து நிறுத்தினார். “பாரம் ஏறுனதும் தானா நிமிந்துக்கும்” என்றார். நிமிர்ந்தது.

குழியின் அடியில் முதலிலேயே மூன்றங்குலம் ஜல்லி போட்டிருந்தோம், தண்ணீர் அடியில் தேங்காமல் இறங்க. கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குல ஜல்லி. தண்ணீரைக் கொட்டிக் கஞ்சியாக்கக் கூடாது, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதம் போதும். ஒரு அடிக்கு ஒரு அடிக் குழி, அதில் கல்லும் இடம் எடுத்துக்கொள்வதால் 50 கிலோ மூட்டையில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. ஒரு மூட்டையில் மூன்று கால் செய்யலாம். பாதி போட்டு கம்பியால் குத்தி, மறுபடி தூக்குக்குண்டு பார்த்து, மீதியைப் போட்டார்கள். முக்கியமானது மேற்பகுதி. மண்மட்டத்தோடு நிறுத்தாமல் ஒரு அங்குலம் உயர்த்தி, கல்லிலிருந்து நாலு பக்கமும் சரிவாக இறங்குகிற மாதிரி தடவச் சொன்னேன். இந்த ஒரு இடத்தில் மட்டும், கான்கிரீட் போட வந்த கொத்தனாருக்கு நான் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன் நான் தட்டையாகத் தடவின அதே இடம்.

ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். கேட்டை அதுவரை மாட்டவில்லை. அந்த ஏழு நாளும் ஆடு உள்ளே வராமல் இருக்க ஆத்தா பின்வாசல் திண்ணையில் கம்போடு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் போல்ட்டை முழுக்க முடுக்கி, கேட்டை மாட்டினோம்.

மாட்டும்போது ஆசாரி கேட்டையே திருப்பிப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தார். கேட்டின் நடுவில் மூலைவிட்டமாக ஓடுகிற சட்டம் தலைகீழாக இருந்தது. மரக்கேட்டில் அந்தச் சட்டம் கீல் பக்கத்துக் கீழ்மூலையில் கால் ஊன்றி, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையைத் தாங்க வேண்டும். அப்போதுதான் தொங்கும் பாரம் சட்டத்தின் வழியே இறங்கி கீழ்க்கீலுக்கு வரும். எங்கள் கேட்டில் மேல்கீலிலிருந்து கீழ்மூலைக்கு ஓடியது. பாரம் ஏறினால் ஆணிகள் இழுபட்டு இளகும், கேட் மூக்கைத் தொங்கப் போடும், உரசுகிற கேட்டைத் தூக்கித் தூக்கித் திறக்க, காலும் சேர்ந்து ஆட்டம் காணும். அதை மாற்றி அடிக்க அரைமணி நேரம்தான் ஆனது. உங்கள் வீட்டு மரக்கேட் உரசினால் காலைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சட்டம் எந்தப் பக்கம் ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள்.

வரிசையில் இன்னும் இரண்டு கால் ஆடியது. அவற்றில் கத்தி இறங்கவில்லை, மண்தான் விட்டிருந்தது. அதற்குச் சிமெண்டே தேவையில்லை. காலைச் சுற்றி அரை முழம் அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, உடைத்த செம்புறாங்கல் துண்டும் சரளையும் கலந்து நாலு விரற்கடை உயரத்துக்குப் போட்டு, கடப்பாரையின் மொண்ணை முனையால் இடித்து, மறுபடி நாலு விரற்கடை, மறுபடி இடி. ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் பொக்கென்றுதான் இருக்கும். இடிக்கிற சத்தம் தொப்பென்பதிலிருந்து ணங்கென்று மாறும்வரை அடுத்த அடுக்குப் போடக்கூடாது. சரளைக்குள் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுவதால் மரத்துக்கும் நல்லது. ஒரு காலுக்கு முக்கால் மணி நேரம். இதை நானே செய்தேன், கையில் இரண்டு கொப்புளத்தோடு.

ஆனால் பதினான்கு காலில் இந்தக் கேட்டுக்கால் மட்டும் ஏன் இப்படிப் போனது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் அடுத்த மழையில்தான் தெரிந்தது. சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை. குடையோடு தோட்டத்தில் நின்று பார்த்தேன். வளவில் விழுகிற தண்ணீர் பின்கட்டு வழியாக ஒரு தூம்பில் வெளியே வருகிறது. முன்பு அது தெருவோரக் கால்வாயில் சேர்ந்து ஊரணிக்குப் போனதாக ஆத்தா சொல்வார். தெருவில் சிமெண்ட் ரோடு உயர்ந்த பிறகு அது திரும்பி, எங்கள் கேட்டுக்காலின் அடியில் வந்து குட்டையாக நின்றது. இத்தனை வருஷமும் அந்தக் கால் நின்றது அந்தக் குட்டையில். போதாததற்கு நானும் உதிர்ந்த சருகையெல்லாம் கூட்டி அந்த மூலையில்தான் குவித்து வைத்திருந்தேன். ஈரச் சருகுக் குவியல் கரையானுக்கு வீடு. மறுநாளே தூம்பிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினேன், சருகு தோட்டத்தின் நடுவே உரக்குழிக்குப் போனது. காலைச் சுற்றி ஒரு அடிக்கு எதுவும் குவியாமல் ஜல்லி மட்டும் பரப்பியிருக்கிறேன். கல் வைத்ததை முதலில் செய்து இதைப் பின்னால் செய்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

தலைமுனை பற்றியும் சொல்ல வேண்டும். காலின் உச்சி தட்டையாக வானத்தைப் பார்த்திருந்தால் அதுவும் தண்ணீர் குடிக்கும். பின்கட்டுக் கூரையை மாற்றியபோது மிஞ்சிய நாட்டு ஓடுகள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு காலின் உச்சிக்கும் முந்திரி எண்ணெய் பூசி, ஒரு ஓட்டைக் கவிழ்த்து செப்புக்கம்பியால் கட்டிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கால்கள் எல்லாம் தலைக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கின்றன. ஆத்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆத்தா இதில் ஒரு யோசனை சொன்னார், அதைத்தான் நான் இப்போது அதிகமாக நம்புகிறேன். ஐயா (தாத்தா) காலத்தில் இந்த இடத்துக்கு வேலி கிளுவை மரம்தானாம். கிளுவைப் போத்தை (கிளைக் கம்பை) வெட்டி நட்டால் அதுவே வேர் பிடித்துக் கால் ஆகிவிடும். உயிருள்ள கால் உளுக்காது, வருஷாவருஷம் பருக்கும். “ஒங்க அப்பச்சி வேலி நிக்கட்டும், அதுக்கு இடையில கிளுவையும் நிக்கட்டும்” என்றார். ஆடியில் முதல் சாரல் விழுந்ததும் கட்டைவிரலைவிடப் பருமனான, ஒரு ஆள் உயரப் போத்துகளாக முப்பது வெட்டி வந்து, ஒவ்வொரு காலுக்கும் நடுவே இரண்டிரண்டு நட்டோம். வெட்டியதும் நடாமல் இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும் என்றார் ஆத்தா. நுனியும் அடியும் மாறாமல் இருக்க அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்துக்கொண்டோம். மிஞ்சிய போத்துகளைக் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டோம்.

இந்த ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. மழை விட்ட ஒரு காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போய் பதினான்கு காலையும் சோதித்தேன். கேட்டுக்காலின் அறுத்த முனைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. அதில் விரலை விட்டுத் தடவினேன். கல் நனைந்து சில்லென்று இருந்தது, மரம் காய்ந்திருந்தது. வடக்கு ஓரத்தில் ஐந்தாவது காலில் மட்டும் மண்மட்டத்தில் கத்தி அரை அங்குலம் இறங்குகிறது. அடுத்த மாசிக்கு அதற்கும் ஒரு கல் துண்டு பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். கிளுவையில் முப்பதில் இருபத்தாறு துளிர்த்துவிட்டது. வேலிக்கு வெளியே நிற்கிற ஆடுகள் அந்தத் துளிரைக் கடிக்க எட்டிப் பார்க்கின்றன. ஆத்தா காலையில் கேட்டை ஒரு கையால் திறந்து, இன்னொரு கையில் கம்போடு அவற்றை விரட்டப் போகிறார்.